பேசும் விலங்குகளின் திணை: ருஷ்ய வின்னி-பூஹ் படங்களும் மொழிபெயர்ப்பாளரின் தெரிவுகளும்

மாஸ்கோவின் சயூஸ்முல்த்ஃபில்ம் நிறுவனம் 1971இல் வெளியிட்ட குறும்படம் ஒன்றில் வின்னி-பூஹ் என்னும் கரடிக்குட்டி விருந்துண்ணச் செல்கிறது. படத்தின் தலைப்பும் அச்செய்தியே. ருஷ்யத் தலைப்பிலுள்ள வினை நிகழ்காலத்தது. நிகழ்காலத்தில் ருஷ்ய வினை இடத்தையும் எண்ணையும் காட்டுமேயன்றிப் பாலைக் காட்டாது. அத்தலைப்பைத் தமிழாக்க முற்படுபவர் வினைமுற்றில் வந்து நின்றுவிடுவார். செல்கிறது என்பதா, செல்கிறான் என்பதா, செல்கிறார் என்பதா? விருந்துக்குச் செல்லும் வின்னி-பூஹ் எனப் பெயரெச்சமாக்கித் தப்பலாம். தலைப்பில் தப்பியவர் அடுத்த வாக்கியத்தில் அகப்படுவார். இப்பத்தியின் முதல் வாக்கியமே அத்தெரிவைச் செய்துவிட்டது என்பதையும் படிப்போர் கண்டிருப்பர்.

பேசும் விலங்குகளைக் கொண்ட நகைச்சுவைப் படங்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் ஓவியத்தையும் அசைவையும் குறித்தே அமைகிறது. அவ்விலங்குகளை ஆட்களாக்குவதில் இலக்கணத்துக்கும் சொல்நடைக்கும் உள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. ஃபியோதர் ஹித்ரூக் இயக்கிய மூன்று வின்னி-பூஹ் படங்கள் (1969, 1971, 1972) இப்பங்கை அறிய மிகவும் ஏற்றவை. ஆங்கிலத்தில் பிறந்து, ருஷ்ய உரைநடைக்கு வந்து, அங்கிருந்து திரைக்குச் சென்றவை அவை. ஒவ்வொரு படியிலும் மொழி எதைக் கட்டாயப்படுத்தியது, எதை மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்துக்கு விட்டது என்பதைப் பிரித்துக் காண முடிகிறது. தமிழில் மொழிபெயர்ப்போர்க்கு இப்பிரிப்பு இன்றியமையாதது. கட்டாயம் எனத் தமிழில் கருதப்படுவன சில உண்மையில் பழக்கமே.

மூலமும் மறுகூறலும்

ஏ. ஏ. மில்ன் எழுதிய இரு நூல்கள் 1926இலும் 1928இலும் வெளிவந்தன. தம் மகனின் பொம்மைகளைப் பாத்திரங்களாக்கி, ஒரு தந்தை மகனுக்குச் சொல்லும் கதைகளாக மில்ன் அவற்றை அமைத்தார். இவ்விரண்டையும் ஒன்றாக்கி போரிஸ் ஸாகோதெர் 1960இல் ருஷ்ய நூலை வெளியிட்டார். கவிஞரான ஸாகோதெர் அதனை மொழிபெயர்ப்பு என்று குறிக்காமல் மறுகூறல் என்றே குறித்தார். சோவியத் குழந்தை இலக்கியத்தில் அச்சொல் ஒரு வகைப்பெயராகவே வழங்கிற்று. மூலத்தினின்று விலகும் உரிமையை அது முன்கூட்டியே கேட்டுப் பெற்றது. உரிமை பெற்றவர் அனைவரும் அதனை நன்கு பயன்படுத்தினர் எனல் இயலாது. ஸாகோதெர் பயன்படுத்தினார்.

படங்களுக்கு வரும்போது இன்னும் பெரிய விலகல் ஒன்று நேர்ந்தது. மில்னின் கதைகளில் எல்லா வழக்குகளுக்கும் இறுதித் தீர்ப்பு வழங்கும் சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் படங்களில் இல்லை. தேனீக்களை ஏமாற்றப் பலூனில் தொங்கும் கரடிக்குத் துணையாகக் குடையும் துப்பாக்கியும் கொண்டு நிற்பது, 1969ஆம் ஆண்டுப் படத்தில், பன்றிக்குட்டிதான். காட்டில் மனிதர் இல்லாமற் போனதும் பேச்சின் அமைப்பே மாறிவிட்டது. மூலத்தில் விலங்குகள் ஒரு குழந்தையின் கீழ் நின்று பேசுகின்றன. ஒரு பெரியவர் அதனைக் குழந்தைக்குச் சொல்கிறார். படத்தில் அறிவிப்பாளர் குரல் ஒன்று உண்டெனினும், பாத்திரங்களுக்கு மேலே யாரும் இல்லை. பொம்மை என்ற நினைவு அகன்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தார் என்ற நினைவு எஞ்சுகிறது. ஆகவே ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர், எவ்வளவு மரியாதை காட்டுகின்றனர் என்பன முழுப் பளுவையும் தாங்க வேண்டியவையாயின.

பெயர்களில் நேர்ந்தவை

ஆங்கிலப் பெயரின் இறுதியிலுள்ள எழுத்து ஒலிக்கப்படாதது. அப்பெயருக்குப் பொருளும் இல்லை. ஸாகோதெர் ஒலியாத அவ்வெழுத்துக்கு ஒலி கொடுத்தார். கொடுத்ததும், பறவையின் மென்சிறகைக் குறிக்கும் பூஹ் என்னும் ருஷ்யச் சொல் கிடைத்துவிட்டது. பஞ்சு போன்றதொரு பெயர் கரடிக்கு வாய்த்தது. ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றித் தமிழில் பூ என எழுதுவோருக்கு மலரே கிடைக்கும்; அது எதிர்பாராத வரவு என்பதில் ஐயமில்லை, நல்வரவா என்பதே வினா.

பன்றிக்குட்டிக்கு இடப்பட்ட பியதச்சோக் என்னும் பெயர் இன்னும் செறிவானது. அது பன்றியின் மூக்கு நுனியையும், ஐந்து கோபெக் நாணயத்தையும் ஒருங்கே குறிக்கும். வட்டம், சிறுமை, அற்ப விலை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கின. ஆங்கிலப் பெயர் சிறிய பன்றி என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூலத்தினும் மொழிபெயர்ப்புச் செறிந்து நிற்கும் இடங்களுள் இது ஒன்று.

மில்ன் படைத்த கற்பனை விலங்கொன்றின் பெயர், யானைக்குரிய ஆங்கிலச் சொல்லைக் குழந்தை வாயில் சிதைத்தது போன்றது. ஸாகோதெர் யானையையும் நீர்யானையையும் குறிக்கும் ருஷ்யச் சொற்களைக் கலந்து ஸ்லோனோபோதாம் என்றார். இவ்விலங்கு படங்களில் இடம்பெறவில்லை. எனினும் சொல்லாக்க முறை கருதத்தக்கது. தமிழில் இவ்வழி அடைபட்டிருக்கிறது. நீர்யானை என்னும் பெயரிலேயே யானை முன்னரே வந்து அமர்ந்துவிட்டதால், இரண்டையும் கலக்க இடமில்லை. வேறு இரு விலங்குகளைத் தேட வேண்டும், அல்லது மில்னின் வழியிற் சென்று சொல்லைச் சிதைக்க வேண்டும்.

கரடி அவ்வப்போது இயற்றும் பாட்டுகளுக்கு ஸாகோதெர் இட்ட பெயர்கள் குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மில்ன் அவற்றை முணுமுணுப்பு எனப் பொருள்படும் ஒரே சொல்லால் குறித்தார். ருஷ்யத்தில் அவை பல்கின. இரைதல், கத்துதல், மூச்சிரைத்தல் முதலிய வினைகளினின்று ஷுமேல்கா, கிரிச்சால்கா, பிஹ்தேல்கா எனப் பெயர்கள் ஆக்கப்பட்டன. இவ்விகுதி ருஷ்யத்தில் கருவிப் பெயர்களை ஆக்குவது. அத்துடன், சிறுவர் வழக்காற்றின் வகைப்பெயர்களிலும் அதுவே வருகிறது. ஆட்டத்தில் ஆள் பிரிக்க எண்ணும் பாட்டும் கேலிப் பாட்டும் அவ்விகுதி பெற்ற பெயர்களையே உடையன. ஒரு விகுதியைத் தேர்ந்ததன் வாயிலாக ஆங்கிலக் கரடியின் பாட்டுகளை ருஷ்யச் சிறுவர் முற்றத்துக்குள் ஸாகோதெர் நுழைத்துவிட்டார். இதற்கு இணையான விகுதி தமிழில் இல்லை. ஆயினும் செயலின் பெயரால் பாட்டை வகுக்கும் மரபு உண்டு: ஏற்றப்பாட்டு, ஊஞ்சல் பாட்டு, நலுங்குப் பாட்டு. அம்மரபில் இரைச்சற் பாட்டு, மூச்சிரைப்புப் பாட்டு என்பன இயல்பாகவே பொருந்தும்.

கடக்கும் நகைச்சுவையும் கடவாத நகைச்சுவையும்

1971ஆம் ஆண்டுப் படம் ஏறத்தாழ முழுவதும் முயலின் வீட்டு வாயிலிலும் உணவு மேசையிலும் நிகழ்வது. வாயிலில் நிற்கும் கரடி உள்ளே யாராவது உண்டா என்கிறது. உள்ளிருந்து யாருமில்லை என விடை வருகிறது. யாருமில்லை என்று சொல்ல ஒருவர் இருந்தாக வேண்டுமே எனக் கரடி உய்த்துணர்கிறது. இந்நகைச்சுவை எந்தச் சொல்லையும் சாராதது. பேச்சு என்னும் செயலையே சார்ந்தது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் ஒன்றே போதும். ருஷ்யத்தில் எதிர்மறை இருமுறை வரும். தமிழில் உம்மையும் எதிர்மறை வினையும் சேரும். வடிவம் எதுவாயினும் நகை குன்றுவதில்லை.

அடுத்த கட்டம் சற்று வேறானது. வந்திருப்பது யார் என்ற வினாவுக்கு நான்தான் என்ற விடை வர, எத்தகைய நான் என்று மில்னின் முயல் கேட்கிறது. ருஷ்ய முயலோ நான் என்பதையே பெயர்ச்சொல்லாக்கி, பன்மை வினையோடு முடித்து, நான்கள் பலவகைப்படும் என்னும் கருத்தைப் பொதுவிதி போலக் கூறிவிடுகிறது. மூலத்தில் வினாவாக இருந்தது ருஷ்யத்தில் கோட்பாடாகிறது. முயலின் குணமும் அதற்கேற்ப மாறுகிறது. அஞ்சி ஒளியும் முயல் மறைந்து, அலுவலகச் சாளரத்தின் பின் அமர்ந்து விண்ணப்பத்தில் பிழை கண்டுபிடிக்கும் முயல் தோன்றுகிறது. தமிழ் வீடுகளின் வாயிலில் நான்தான் என்று சொல்லிக் கதவைத் தட்டாதவர் அரியர். எந்த நான் என்ற மறுவினா தமிழில் மூலத்தின் அளவுக்கே இயல்பாக அமையும்.

உணவு மேசையில் முயல் தேனையும் டின்களில் அடைத்த இனிப்புக் கெட்டிப் பாலையும் முன்வைத்து, ரொட்டியில் எதைத் தடவலாம் என்கிறது. இரண்டையும் ஏற்கும் கரடி, ரொட்டியை மட்டும் விட்டுவிடலாம் என்கிறது. ருஷ்யச் சிறுவர்க்கு மிக நெருங்கிய பண்டமாகையால், அக்கெட்டிப் பாலை ருஷ்யர் சேர்த்தனர் என எண்ணத் தோன்றும். அது மில்னின் மூலத்திலேயே உள்ளது. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே இங்கு உள்நாட்டுத் தோற்றத்தைத் தந்துவிட்டது. நேர்பெயர்ப்பு, தழுவல் என இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட முயலும் மொழிபெயர்ப்புக் கோட்பாடுகளுக்கு இத்தகைய இடங்கள் தொல்லை தருவன.

விருந்து முடிந்ததெனக் குறிப்பாக உணர்த்த, இனி எதுவும் வேண்டாமென்றால் என்று முயல் தொடங்குகிறது. கரடி அதனை வழியனுப்புக் குறிப்பாகக் கொள்ளாமல், நிபந்தனை வாக்கியமாகவே கொண்டு, இன்னும் ஏதேனும் மீதமுண்டோ என வினவுகிறது. குறிப்புப் பொருளை நேர்ப்பொருளாகக் கொள்ளும் இந்நகைச்சுவையும் மொழியெல்லையைத் தடையின்றிக் கடக்கும்.

கடவாதவை எழுத்தையும் ஒலியொப்புமையையும் சார்ந்தவை. வழக்கமான நடைமுறை என்ற பொருளில் ஆந்தை கூறும் ஆங்கிலத் தொடரை மில்னின் கரடி தவறாகக் கேட்கிறது. கேட்ட வடிவத்தில் ரொட்டியின் புறவோடும், பணமும், ஒருவகைக் கேக்கும் வந்துவிடுகின்றன. பசித்த செவிக்கு உணவே கேட்கிறது. ஸாகோதெரின் நூலில் அதே தொடர் காளையைக் குறிக்கும் சொல்லாகத் திரிகிறது. திரிபு திறமையானதே, ஆனால் உணவு போய்விட்டது. ஒலி நகை காப்பாற்றப்பட்டது, பாத்திரத்தின் பசி காப்பாற்றப்படவில்லை. ஸாகோதெரைப் போற்றுவோர் இவ்விழப்பைக் குறிப்பதில்லை.

இதற்கு மாறாக, எழுத்துப் பிழை பற்றிய இடத்தில் ருஷ்யம் வென்றது. தன் எழுத்துக்கூட்டல் நல்லதுதான், ஆனால் தள்ளாடுகிறது என்பது மில்னின் கரடி கூறும் கருத்து. தள்ளாடுதல் என்பது மில்ன் புதிதாகப் படைத்த உருவகம். ருஷ்யத்திலோ ஒரு பாடத்தில் பின்தங்குவதை நொண்டுதல் என்றே ஆசிரியர்கள் கூறுவர். ஸாகோதெர் அவ்வழக்கை எடுத்து, நல்ல எழுத்துக்கூட்டல்தான், ஏனோ நொண்டுகிறது எனக் கரடியைச் சொல்ல வைத்தார். பழகித் தேய்ந்த மரபுத்தொடர் ஒன்று மீண்டும் கால் பெற்று நடந்தது, நொண்டியேனும்.

1972ஆம் ஆண்டுப் படத்தில் கழுதையின் பிறந்தநாளுக்குத் தேன்குடம் ஒன்று பரிசாகிறது. குடத்தின்மேல் எழுதப்படும் வாழ்த்து மூலத்தில் பிழைகள் மலிந்தது; தாளில் கண்ணால் கண்டு சிரிக்க வேண்டியது. திரையில் அது செல்லாது. ஆகவே சோவியத் வாழ்த்து அட்டைகளில் தேய்ந்துபோன வாய்பாடு ஒன்றை, சொந்த வாழ்வில் இன்பம் பெறுக என்னும் கருத்தினதை, ஹித்ரூக் பயன்படுத்தினார். அதனைப் பெறுவதோ வாலையும் இழந்து நிற்கும் கழுதை. எழுத்துப் பிழையின் இடத்தைச் சடங்குச் சொல் பிடித்துக்கொண்டது. மூலத்தில் இல்லாத இந்நகை மூலத்துக்கு இழுக்காகாது.

ஆந்தையின் பாலும் சொல்நடையும்

மில்னின் ஆந்தை ஆண். நீண்ட சொற்களைக் கூறித் தன் கல்வியைப் பறைசாற்றும் ஆண். ருஷ்யத்தில் ஆந்தையைக் குறிக்கும் சவா என்னும் சொல் பெண்பாலுக்குரியது. ருஷ்ய நூலிலும் படத்திலும் ஆந்தை பெண்ணாகிவிட்டது. படத்தில் ஸினயீதா நரீஷ்கினா அதற்குக் குரல் கொடுத்தார்.

இதனை இலக்கணத்தின் கட்டாயம் எனக் கூறி ஒதுக்குவது எளிது. ஓரளவு உண்மையும்கூட. ருஷ்ய இறந்தகால வினை ஒருமையில் மூவிடத்தும் பால் காட்டும். வந்தேன் என்று ஆந்தை சொன்ன அளவிலேயே ஆணா பெண்ணா என்பது வெளிப்பட்டாக வேண்டும். ஆங்கிலத்துக்குப் படர்க்கைப் பதிலிப்பெயரில் மட்டுமே இத்தொல்லை. எனினும் ருஷ்யத்தில் பேராந்தையைக் குறிக்கும் ஃபீலின் என்னும் ஆண்பாற் சொல் இருக்கிறது. ஸாகோதெர் அதனை எடுக்கவில்லை. எனவே ஆந்தை பெண்ணானது கட்டாயத்தினாலன்று, தெரிவினால்.

அத்தெரிவின் விளைவு சிறிதன்று. மில்னின் காட்டில் பெண் ஒருத்தியே. அவள் கங்காருத் தாய். படங்களில் கங்காரு இல்லாமையால் ஆந்தையே ஒரே பெண் ஆகிறது. ஆண் புலமையின் வீண்பெருமை பற்றிய மென்மையான ஏளனம், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை ஒருவரைப் பற்றிய ஏளனமாக இடம்பெயர்ந்தது. பார்ப்பவர்க்குச் சுவை குறையவில்லை. ஏளனத்தின் இலக்கு மாறியது என்பது மட்டும் மறுக்க இயலாதது.

இழந்ததற்கு ஈடாக, ஆந்தையின் பேச்சில் படம் பெற்றது ஒன்று உண்டு. வாயில் மணியின் கயிறாக ஆந்தை பயன்படுத்தி வந்தது உண்மையில் கழுதையின் வால். அதனைக் கழுதைக்கே பரிசளிக்கும்போது, கைம்மாறு இன்றி என்று பொருள்படும் நீண்ட அலுவல்மொழிச் சொல்லை ஆந்தை உதிர்க்கிறது. பின்னர் அதனையே அன்றாடச் சொல்லால் விளக்குகிறது. சட்டப் பத்திரத்திலிருந்து ஒரு சொல்லும் சந்தையிலிருந்து ஒரு சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. ருஷ்யச் சொற்றொகுதியில் ஏட்டு வழக்கும் பேச்சு வழக்கும் கொண்ட இடைவெளியே இங்கு நகைச்சுவையின் முதல். தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பதை மொழியியலார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கைம்மாறு கருதாது, அதாவது சும்மா என்ற இணை தமிழில் அதே இடைவெளியைத் தரும். ஒருவேளை இன்னும் அகலமாகவே தரும். விலங்குப் படங்களைத் தமிழ்ப்படுத்துவோர் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே பேச்சுவழக்கைக் கொடுத்துவிடும்போது இச்செல்வம் முழுவதும் பயனின்றிப் போகிறது.

குரல் பற்றியும் ஒரு சொல். மில்ன் தம் உரைநடையில் பெரிய எழுத்துகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். மிகச் சிறிய மூளையுடைய கரடி என்ற கருத்தை, ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தால் தொடங்கி, ஒரு பட்டம் போல ஆக்கினார். திரையில் எழுத்து இல்லை. எவ்கேனி லியோனவின் குரல் அவ்வேலையை மேற்கொண்டது. ஒலிப்பதிவை விரைவுபடுத்தியதால் உயர்ந்து ஒலிக்கும் அக்குரல் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து வைப்பது போல் பேசுகிறது. பன்றிக்குட்டிக்குக் குரல் தந்த ஈயா ஸாவ்வினா, கவிஞர் பெல்லா அஹ்மதூலினாவின் பேச்சுப் பாங்கைப் பின்பற்றினார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. எராஸ்த் காரினின் கழுதை ஒவ்வொரு சொல்லையும் கைவிடுவது போல் உச்சரிக்கிறது. அச்சின் குறியீடுகள் குரலின் குறியீடுகளாயின.

பெரிய எழுத்து இல்லாத தமிழ்

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே மில்னைத் தமிழாக்குபவர் அச்சில் எழுதினாலும், எழுத்தை இழந்த திரைப்பட இயக்குநரின் நிலையிலேயே இருக்கிறார். ஏகார, தான் இடைச்சொற்களால் அழுத்தம் தரலாம். ஆனால் மில்னின் பெரிய எழுத்து அழுத்தம் மட்டும் தருவதன்று. முயல், ஆந்தை என்னும் பொதுப்பெயர்களைச் சிறப்புப்பெயர்களாக்குவதும் அதுவே. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தொடங்கினால் ஏதோ ஒரு முயல். பெரிய எழுத்தில் தொடங்கினால் இந்த முயல், இன்னார். ருஷ்யமும் இவ்வசதியை உடையது. தமிழுக்கு வேறு வழி வேண்டும்.

அவ்வழியைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்னரே செப்பனிட்டு வைத்திருக்கிறது. தொல்காப்பியம் இயற்பெயர்களை இரு திணைக்கும் உரிய விரவுப்பெயர்களுள் வைத்தது. சாத்தன் என்பது மனிதனுக்கும் ஆகும், எருதுக்கும் ஆகும். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என வினையே திணையைத் தெளிவுபடுத்தும் என உரையாசிரியர்கள் காட்டினர். பவணந்தியார் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்கி வருவதை ஏற்றார். பசுவைத் தாயென்று சொல்லி வந்தாள் என முடிப்பது மகிழ்ச்சிக்கு உரைகள் தரும் எடுத்துக்காட்டு. கேளாதவற்றைக் கேட்பன போலவும், பேசாதவற்றைப் பேசுவன போலவும் கூறும் வழக்கையும் நன்னூற் பொதுவியல் தனியே குறித்தது. பேசும் விலங்குகளின் இலக்கணத்துக்கு இதனினும் தெளிவான அடிப்படையை வேறு மொழிகளின் மரபிலக்கணங்களில் எளிதில் காண முடியாது.

இன்றைய பேச்சும் இவ்வழியிலேயே செல்கிறது. வீட்டு நாய்க்குப் பெயரிட்டு வளர்ப்போர் அது வந்தது என்பதில்லை, வந்தான் என்பர். தெருநாய் வந்தது என்றே முடியும். திணையை வகுப்பது விலங்கின் வகையன்று, பெயரும் உறவுமே.

எனினும் அச்சிலும் திரையிலும் வழங்கும் தமிழாக்கங்களில் முயல் சொன்னது, நரி சிரித்தது என்ற அஃறிணை முடிபே விதி போல் நிலைத்துள்ளது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் சோவியத் நூல்களைத் தமிழில் அச்சிட்டு அனுப்பிய காலத்தில் ருஷ்ய விலங்குக் கதைகள் தமிழ்ச் சிறுவரை அடைந்தன. சுட்டி டி.வி. 2007இல் தொடங்கிய பின்னர் அசைவூட்டத் தொடர்களின் தமிழ் ஒலிமாற்றம் அன்றாடத் தொழிலாயிற்று. இத்துணை வளர்ச்சிக்குப் பின்னும் திணை பற்றிய முடிவை எவரும் முடிவாகவே கருதுவதில்லை என்பதுதான் வியப்பு.

படத்தில் இச்சிக்கல் சற்று மறைந்தே இருக்கும். உரையாடல் பெரும்பாலும் தன்மையிலும் முன்னிலையிலும் நிகழ்வது. தமிழில் அவ்விரு இடங்களும் திணை காட்டா. வந்தேன், வந்தாய் என்பன மனிதர்க்கும் கரடிக்கும் ஒன்றே. ருஷ்யம் எங்கு வாய்திறந்த உடனே பாலைக் கேட்கிறதோ அங்கெல்லாம் தமிழ் மௌனம் காக்க இடம் தருகிறது. ஒரு விலங்கு அங்கில்லாத மற்றொரு விலங்கைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல் எழும். ஆந்தை சொன்னது என்று பன்றிக்குட்டி கூறினால், அண்டை வீட்டாரைப் பற்றி அல்லாமல் காட்டுப் பறவை ஒன்றைப் பற்றிக் கூறுவதாகிவிடும். ஹித்ரூக் சிறுவனை நீக்கி அரிதின் உருவாக்கிய சமநிலை ஒரு விகுதியில் உடைந்துபோகும்.

இங்கு ஆர் விகுதி கைகொடுக்கும். ஆந்தையார் சொன்னார் எனின் பொதுப்பெயர் சிறப்புப்பெயராகிறது, திணை உயர்கிறது, புலமைச் செருக்குக்கேற்ற மதிப்பும் சேர்கிறது. ஆணா பெண்ணா என்பதையோ அவ்வினைமுற்று வெளிப்படுத்துவதில்லை. மில்ன் பதிலிப்பெயரால் சொல்லியே ஆக வேண்டியிருந்ததை, ஸாகோதெர் வினையால் சொல்லியே ஆக வேண்டியிருந்ததைத் தமிழ் சொல்லாமல் விடலாம். (பிசிராந்தையாரை நினைத்துப் படிப்போர் புன்னகைக்கலாம், அப்பெயர் ஆதன் தந்தை என்பதன் மரூஉ என்று இலக்கண நூலார் கூறுவர், பறவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.) முயலுக்கும் இது பொருந்தும். கரடிக்கும் பன்றிக்குட்டிக்கும் பொருந்தாது. அவ்விருவர்க்கும் இயற்பெயர் இருப்பதாலும், தோழமை மிகுந்திருப்பதாலும், வந்தான் என்பதே தகும். ஒரே காட்டில் ஆர் பெறுவோரும் ஆன் பெறுவோரும் இருப்பது ருஷ்யப் படத்தில் இல்லாத ஓர் அடுக்கை உண்டாக்கும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ருஷ்ய விலங்குகள் தம்முள் பெரும்பாலும் நீ என்றே பேசிக்கொள்கின்றன.

இவ்வடுக்கு எங்கு இடிக்கும் என்பதற்கு 1972ஆம் ஆண்டுப் படத்திலேயே சான்று உண்டு. கரடி ஆந்தையின் மரவீட்டுக்குச் சென்று, கதவைத் திறக்குமாறு ஒருமை ஏவலால் கூவி, கரடி வந்துள்ளமையை அறிவிக்கிறது. தன்னைப் பெயரால் குறியாமல் கரடி என்னும் பொதுப்பெயராலேயே குறிக்கிறது. ருஷ்யர் பலர் இன்றும் வேடிக்கையாக எடுத்தாளும் இடம் இது. ஆந்தையார் எனத் தொடங்கிய தமிழில் திற என்னும் ஏவல் வசைபோல் ஒலிக்கும். திறங்க எனின் அக்கரடியின் தயக்கமற்ற உரிமை போய்விடும். ஆந்தையக்கா எனின் பால் வெளிப்பட்டுவிடும். ஆயினும் கதவைத் திற, அக்கா என்பதில் உரிமையும் நிற்கும், மதிப்பும் நிற்கும். நரீஷ்கினாவின் குரலோடு படம் தமிழுக்கு வருமாயின் இதுவே ஏற்றது. மில்னின் நூல் வருமாயின் ஆந்தையார் என்பதே ஏற்றது.

எஞ்சுவது வந்தமையை அறிவிக்கும் வினை. ருஷ்ய இறந்தகால வினைக்கு இட விகுதி இல்லை. ஆகவே அது படர்க்கை அறிவிப்பாகவும் கரடியின் தன்மைக் கூற்றாகவும் ஒருங்கே ஒலிக்கிறது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கரடி வந்திருக்கிறது எனின் வாயிலில் நிற்பது யாரோ ஒரு விலங்கு. கரடி வந்திருக்கிறான் எனின் கூவுபவன் வேறு, வந்தவன் வேறு. கரடி வந்திருக்கிறேன் எனின், படர்க்கைப் பெயரும் தன்மை வினையும் மயங்கி, மரபிலக்கணம் இடவழு எனச் சுட்டும் வடிவம் கிடைக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே நின்று மாமா வந்திருக்கிறேன், தாத்தா வந்திருக்கிறேன் எனக் குழந்தைகளிடம் கூறுவோர் இவ்வடிவத்தையே நாள்தோறும் வழங்குகின்றனர்.